தூரிகை முடி ஒட்டிய இலை: எடுப்பதா, விடுவதா?

இலைக்கிறுக்கி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக ஒரே துணி டிசைனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 11 இலை, 4 மொட்டு. சொரசொரப்பான காகிதத்தில் கூவாஷ் வண்ணத்தால் தீட்டியது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வழக்கம்போல் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். விளிம்பில் பிசிறு தெரிந்தால் அழித்தேன். வண்ணம் தீர்ந்து காகிதம் எட்டிப் பார்த்த இடங்களை அடைத்தேன். மூன்றாவது இலையில் தூரிகையின் முடி ஒன்று கழன்று ஈரத்தில் ஒட்டி, காம்பிலிருந்து நுனி வரைக்கும் மெல்லிய கீறல் போட்டிருந்தது. அதையும் எடுத்தேன். கடைசியில் எல்லாவற்றையும் வெக்டராக, அதாவது கணினி வழுவழுவென்று வரைந்து தரும் கோடுகளாக, மாற்றினேன்.

கைக்கு வந்தது டிசைன் இல்லை, ஸ்டிக்கர். காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்த தோழி, "இது நீ வரைந்தது, சரி. அது யார் வரைந்தது?" என்று கேட்டுவிட்டாள்.

ரோஷம் வந்து, பழைய ஸ்கேனையே எடுத்து, எதையும் தொடாமல், டைல் என்கிற ஒரே சதுரத்தைப் பத்தி பத்தியாகத் திரும்பத் திரும்ப அடுக்கும் ஹாஃப் ட்ராப் ரிப்பீட்டில் போட்டேன். இப்போது வேறு தலைவலி. அந்த முடி, டைலுக்கு ஒன்றாக, சாய்வாக வரிசை கட்டிப் போகிறது. எறும்புச் சாரை மாதிரி. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் இலையே தெரிவதில்லை, முடிதான் தெரிகிறது.

குறைதான் அழகு, குறையைக் கொண்டாடு என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். ரிப்பீட்டில் குறையும் சேர்ந்தே ரிப்பீட் ஆகிறதே, அதற்கு என்ன செய்வது? முடியை எடுப்பதா, விடுவதா?

புதுத்தூரிகை:

விட்டுவிடுங்கள் அக்கா! அதில்தான் உயிர் இருக்கிறது. ஜப்பானில் உடைந்த கிண்ணத்தைத் தங்கம் பூசி ஒட்டுவார்களே, கின்ட்சுகி, அது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடன்:

வந்துவிட்டது கின்ட்சுகி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டாவது பதிவிலேயே வந்துவிட்டது.

தம்பியோ தங்கையோ, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கின்ட்சுகி என்றால் என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உருஷி என்ற மரப்பாலைக் கொண்டு துண்டுகளை ஒட்டி, ஈரப்பதமான இடத்தில் வைத்து இறுக விடுவார்கள். உருஷி வெயிலில் காய்கிற சமாச்சாரம் இல்லை, காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். அப்புறம் தேய்ப்பது, மறுபடி பூசுவது, கடைசியில் பொன்துகள். ஒரு கிண்ணத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். உடைந்ததை உடைந்தபடியே விட்டுவிட்டு "இதுதான் அழகு" என்று சொன்னதற்கு அந்தப் பெயர் இல்லை.

இலைக்கிறுக்கி, உங்கள் முடி உங்களுக்குத்தான் நினைவுச்சின்னம். அந்தத் துணியில் தலையணை உறை தைத்துக்கொள்கிறவருக்கு அது அழுக்கு. நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். எடுத்துவிடுங்கள்.

கட்டமும்கோடும்:

இரண்டு பேரும் ஓவியத்துக்கான பதிலைச் சொல்கிறீர்கள். கேள்வி ரிப்பீட்டைப் பற்றியது. பல வருடம் துணி அச்சுக்கு ஃபைல் தயார் பண்ணியவன் என்ற முறையில் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

சட்டகத்துக்குள் மாட்டும் ஓவியத்தில் ஒரு முடி என்றால் அது ஒரே ஒரு முடிதான். கண் அதைத் தாண்டிப் போய்விடும், அல்லது நின்று பார்த்து ரசிக்கும். உங்கள் டைல் 32 செ.மீ. சதுரம் என்று வையுங்கள். 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரில் அந்த முடி 70 தடவைக்கு மேல் வரும். 70 தடவை அதே இடத்தில், அதே சாய்வில். அதற்குமேல் அது விபத்தா? கண் நம்பாது. இது டிசைனர் போட்ட கோடு என்றுதான் படிக்கும், அல்லது அச்சு இயந்திரத்தின் கோளாறு என்று படிக்கும்.

இன்னொன்று. கண்ணுக்கு எது அபூர்வமோ அதுதான் முதலில் தட்டுப்படும். 11 இலையில் 10 இலை மழமழவென்று இருந்து, ஒன்றில் மட்டும் கீறல் இருந்தால், மொத்த டிசைனும் அந்தக் கீறலுக்குப் பின்னணியாகிவிடும். முடி கிடக்கட்டும். ஒரே ஒரு இலை மற்றதைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு மொட்டு மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் இதே கதைதான். ஹாஃப் ட்ராப்பில் அடுத்த பத்தி பாதி உயரம் கீழே இறங்குவதால், படுக்கை வரிசையாக வரவேண்டியது சாய்ந்த வரிசையாக வரும். அவ்வளவுதான் வித்தியாசம். வரிசை ஒளிந்துகொள்ளாது.

உங்கள் டைலை நாலுக்கு நாலாக அடுக்கி, திரையில் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். இலையாகத் தெரிவது நின்றுபோய், கோடாகவும் ஓட்டையாகவும் தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் திருத்த வேண்டியது அங்கே தெரிவதைத்தான். 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து அழித்தீர்களே, அந்தப் பிசிறை எவரும் பார்க்கப்போவதில்லை. அதை அழித்ததால்தான் ஸ்டிக்கர் ஆனது.

இலைக்கிறுக்கி:

நன்றி சார். தபால்தலை அளவில் பார்த்தேன், மானம் போயிற்று. முடி மட்டும் இல்லை, மொட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சந்து மேலிருந்து கீழே ஓடுகிறது. மூன்று வாரமாக அது என் கண்ணில் படவே இல்லை.

சரி, ஒரு இலையில் மட்டும் இருந்தால் உறுத்தும், எல்லா இலையிலும் இருந்தால் உறுத்தாது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் மற்ற பத்து இலைக்கும் மென்பொருளிலேயே பிசிறு வைக்கப் பார்த்தேன். ரஃபன் என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறதே. எல்லா இலையும் எலி கடித்தது போல் ஆகிவிட்டது.

அரைத்துளி:

எலி கடித்த இலை. இதுவே நல்ல டிசைன் பெயர்.

சாயக்கை:

மரக்கட்டை அச்சில் இருக்கிறவள் நான், கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. ஆனால் இங்கே நடக்கிற பேச்சு எனக்குப் பழக்கப்பட்ட பேச்சு.

எங்கள் வேலையில் குறை இரண்டு வகை. கட்டையின் குறை ஒன்று, கையின் குறை ஒன்று. கட்டையில் ஒரு ஓரம் சிதைந்திருந்தால், ஒவ்வொரு குத்துக்கும் அந்தச் சிதைவு அப்படியே விழும். அது கட்டையின் குறை. கை அப்படி இல்லை. சாயத் தட்டில் ஒற்றி எடுத்த முதல் குத்து கருகருவென்று விழும். ஒரு தடவை ஒற்றியதில் இன்னொரு குத்தும் வைத்தால் அது வெளிறும். தோள் சோர்ந்தால் ஒரு மூலை அழுந்தாது. வேகம் வந்தால் முன் குத்தின் மேல் நூலளவு ஏறி, அந்த இடத்தில் நிறம் இரட்டிக்கும். இது கையின் குறை. இரண்டு குத்து ஒரே மாதிரி இருக்காது.

கைத்துணி என்றாலே ஒரு அசைவு தெரிகிறது என்பார்களே, அது இந்த இரண்டாவது வகையால் வருவது. முதல் வகை இருந்தால் நாங்களே கட்டையைச் செதுக்கித் திருத்திவிடுவோம். என்னிடம் ஒரு கொடிக் கட்டை இருந்தது. ஒரு சுருளின் நுனி உடைந்துபோயிற்று. "இருக்கட்டும், பழமையாக இருக்கிறது" என்று ஒரு மாதம் அதையே வைத்து அடித்தேன். 20 மீட்டர் துணியை விரித்துப் பார்த்தால் கொடி முழுக்க மொண்ணை மொண்ணையாகப் புள்ளி வைத்தது போல இருந்தது. பழமையுமில்லை, புதுமையுமில்லை. அப்புறம் பக்கத்துச் சுருளையும் அதே உயரத்துக்கு வெட்டிவிட்டேன், அது சரியாகிவிட்டது.

உங்கள் டைல் என்பது கட்டை மட்டும்தான் அம்மா. அதை அடிக்கிற கை அங்கே இல்லை. கம்ப்யூட்டர் எல்லாக் குத்தையும் முதல் குத்தாகவே அடிக்கிறது. அதனால் நீங்கள் என்ன குறை விட்டாலும் அது கட்டையின் குறையாகத்தான் விழும். கையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று யோசியுங்கள். முடியை வைப்பதும் எடுப்பதும் அப்புறம்.

இலைக்கிறுக்கி:

அக்கா, இதை மூன்று தடவை படித்தேன்.

மெழுகு:

சாயக்கை அக்கா சொன்னதற்கு வரலாற்றில் ஒரு அழகான சாட்சி இருக்கிறது. ஜாவாவின் பாத்திக். துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு வெடித்தால் வெடிப்பு வழியாகச் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். அங்கே நேர்த்தியான வேலை என்றால் அந்த நரம்பு விழக் கூடாது.

19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதை இயந்திரத்தில் செய்து ஜாவாவிலேயே விற்கப் பார்த்தார்கள். மெழுகுக்குப் பதில் பிசின். இயந்திரத்தில் போகும்போது பிசின் வெடித்துத் துணி முழுக்க நரம்பு விழுந்தது. ஜாவாவில் அது எடுபடவில்லை. அதே துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, அங்கே அந்த நரம்புக்காகவே விரும்பி வாங்கினார்கள். ஒரு கெஜத்தில் விழுந்தது அடுத்த கெஜத்தில் விழாது இல்லையா, அதுதான் ஈர்ப்பு. 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மண்டில் தொடங்கிய விளிஸ்கோ நிறுவனம் இன்றைக்கும் அந்தத் துணியைச் செய்துகொண்டிருக்கிறது.

இனிமேல்தான் வேடிக்கை. அதன் மலிவுப் போலிகளில் பிசினே கிடையாது. வெடிப்பையும் சேர்த்து டிசைனாக வரைந்து உருளையில் அச்சடித்துவிடுவார்கள். தூரத்தில் அசல் மாதிரியே இருக்கும். கிட்டே போனால், ஒரு வெடிப்பு இங்கே, கொஞ்சம் தள்ளி அதே வெடிப்பு, இன்னும் தள்ளி அதே வெடிப்பு. கையின் குறையைக் கட்டையின் குறையாக மாற்றிவிட்டார்கள். இலைக்கிறுக்கியின் முடி இருக்கிறதே, அது இந்தப் போலி வெடிப்புதான்.

புதுத்தூரிகை:

கின்ட்சுகியில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதென்று இன்னொன்று சொல்கிறேன். பாரசீகக் கம்பளம் நெய்கிறவர்கள் கடவுள் மட்டுமே குறையற்றவர் என்று வேண்டுமென்றே ஒரு முடிச்சைத் தப்பாகப் போடுவார்களாமே?

மெழுகு:

கம்பளம் விற்கிற இடத்தில் எல்லாம் இந்தக் கதையும் சேர்ந்தே விற்கும். அமெரிக்காவில் ஆமிஷ் என்ற எளிய கிறிஸ்தவச் சமூகத்து மக்களின் ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றியும் அச்சாக இதே கதை உண்டு. போர்வை வரலாற்றை ஆராய்கிறவர்கள் அதைக் கட்டுக்கதை என்றுதான் ஒதுக்குகிறார்கள். கதையையே கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன். "இந்த ஒரு முடிச்சை நான் வேண்டுமென்று தப்பாகப் போட்டேன்" என்றால், மீதி லட்சம் முடிச்சும் அப்பழுக்கில்லாமல் போட்டேன் என்றுதானே அர்த்தம்? அடக்கமா அது?

அரைத்துளி:

என் வேலையில் அடக்கத்துக்கென்று தனியாகப் பிழை சேர்க்கவேண்டிய நிலை இதுவரை வந்ததில்லை.

மெழுகு:

கம்பளத்தில் நிஜமாகவே இருப்பது அப்ராஷ். ஒரு பானைச் சாயம் தீர்ந்து அடுத்த பானைக்குப் போகும்போது நிறம் இம்மி மாறும். நீலம் நடுவில் பட்டை பட்டையாக வெளிறிப் பின் கறுக்கும். வேண்டுமென்று செய்ததில்லை, பானை தீர்ந்ததால் வந்தது. இப்போது இயந்திரக் கம்பளத்திலும் அதைத் திட்டம் போட்டுச் சேர்க்கிறார்கள்.

கட்டமும்கோடும்:

"பானை தீர்ந்ததால் வந்தது" என்றீர்களே, ரஃபன் எஃபெக்ட் ஏன் எலி கடித்த மாதிரி இருக்கிறது என்பதற்கு அதுதான் பதில்.

ஒரு தூரிகை வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பில் வைக்கும்போது வண்ணம் நிறைய இருக்கும், விளிம்பு கெட்டியாக, கூராக விழும். வயிற்றுப் பகுதியில் அழுத்துகிறோம், முடிகள் விரிகின்றன, நடுவில் வண்ணம் மெலிந்து இரு ஓரமும் கறுக்கிறது. நுனியை நோக்கித் திருப்பும்போது வெளிப்பக்க முடிகள் பின்தங்கும், அந்தப் பக்கம் மட்டும் காகிதத்தின் சொரசொரப்பு வெள்ளைப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். நுனியில் தூக்கும்போது ஒன்றிரண்டு முடி கடைசியாக விலகி, வால் போல ஒரு பிசிறு. இந்த நாலு இடத்திலும் நடந்தது வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பார்க்கிறவருக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது, ஆனால் அவரும் பென்சில் பிடித்தவர், சுண்ணாம்பு அடித்தவர், கோந்து தடவியவர். கை எங்கே தளரும் என்று அவர் உடம்புக்குத் தெரியும்.

எஃபெக்ட் என்ன செய்கிறது? காம்பிலும் நடுங்குகிறது, வயிற்றிலும் நடுங்குகிறது, நுனியிலும் அதே அளவு நடுங்குகிறது. குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி. அதற்குக் காரணம் கிடையாது, அதனால் நம்பமுடியவில்லை.

ஐபேடில் வரைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் ஸ்ட்ரீம்லைன் என்று ஒன்று இருக்கிறது, கோட்டை வழுவழுவென்று இழுத்துத் தரும். எழுத்து எழுத அருமையான வசதி. இலை வரையும்போது அதைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நாள் வரைந்து பாருங்கள். முதல் மணி நேரம் கேவலமாக இருக்கும்.

மெழுகு:

காரணம் என்றதும் நினைவு வருகிறது. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள். தேய்ந்துபோன வேலையுடுப்புகளை வெட்டித் தைத்தவை. வெளிறிய நீலத்தில் ஒரு சதுரம் மட்டும் அடர்நீலமாக இருக்கும். அது சட்டைப்பை இருந்த இடம். பையைப் பிரித்தபின், வெயில் படாமல் இருந்த துணி அந்த நிறத்திலேயே நின்றுவிட்டது. கோடுகள் நேராக இருக்காது, கட்டம் கட்டத்தோடு பொருந்தாது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இவற்றைச் சுவரில் மாட்டியபோது நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தன. அந்தச் சதுரத்தை எவரும் யோசித்து வைக்க முடியாது.

நேர்கோடன்:

நான் பிடிவாதக்காரன் இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறபோது ஒருவனாவது மறுபக்கம் உட்கார வேண்டும்.

கை நடுங்கலாம். டைலின் ஓரம் நடுங்கக் கூடாது. ஒரு பிக்சல் விலகினாலும் அச்சில் வெள்ளை மயிர்க்கோடாகத் தெரியும், அதை எந்தத் தத்துவமும் காப்பாற்றாது. ஒரு முறை எனக்கே நடந்தது. ஆஃப்செட் போட்டு, அதாவது டைலின் ஓரங்களை நடுவுக்கு நகர்த்தி, நடுவைச் சரிபார்த்தேன், அப்புறம் கடைசி நேரத்தில் ஒரு பூவை நகர்த்தினேன், அது ஓரத்தைத் தொட்டது, மறுபடி பார்க்கவில்லை. ஃபைலை அனுப்பிவிட்டேன். துணி வந்தபோது ஒவ்வொரு 32 செ.மீ.க்கும் பாதிப் பூ. திரும்ப அடித்த செலவு என் தலையில். அதை அபூரணத்தின் அழகு என்று கிளையன்டிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம்தான்.

அதேபோல, நிறத்துக்குத் தனித்தனி ஸ்கிரீன் (சாயத்தை வழியவிடும் அச்சு வலை) என்றால் இரண்டு நிறம் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வரைந்து கொடுங்கள். இயந்திரம் ஓடும்போது துணி இழுபடும், நகரும். அந்த விலகலுக்கு இடம் விட்டு வரைகிறவன்தான் விஷயம் தெரிந்தவன். விலகட்டும், அழகாக இருக்கும் என்று சும்மா இருப்பது சோம்பேறித்தனம். ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த தூசி, காகிதத்தில் பட்ட காபிக் கறை, இவற்றை எல்லாம் துடைத்துவிடுங்கள். அவை உங்கள் கை செய்தவை இல்லை.

சாயக்கை:

கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்கிறேன் நேர்கோடன். கை செய்ததா, தூசி செய்ததா. நல்ல சல்லடை.

புதுத்தூரிகை:

இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. இங்கே பேசுகிற யாருக்கும் நான் இதுவரை என் டிசைன் ஒன்றைக்கூடக் காட்டியதில்லை. இரண்டு வருடமாகிறது. கொடி வரும், இலை வரும், பறவை மட்டும் வராது. பறவை சரியாக வந்ததும் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். குறையைக் கொண்டாடு என்று எழுதினது எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

சாயக்கை:

இங்கிலாந்து டிசைனர் வில்லியம் மோரிஸ் முதன்முதலில் வரைந்த சுவர்த்தாள் டிசைன் 1862இல். ட்ரெல்லிஸ் என்று பெயர், மரச்சட்டத்தில் படரும் ரோஜாக் கொடி. அதில் பறவைகளும் இருக்கின்றன. பறவைகளை வரைந்தது மோரிஸ் இல்லை, நண்பர் ஃபிலிப் வெப். 1883இல் வந்த ஸ்ட்ராபெரி தீஃப், பழம் திருடும் பறவைகள், அதில் பறவைகளைத் தானே வரைந்தார். பறவை வரும்வரை கொடியை எவருக்கும் காட்டாமல் வைத்திருக்கவில்லை.

கொடியைப் போடு கண்ணு. பறவையை வேறு யாராவது வரையட்டும்.

புதுத்தூரிகை:

இன்று இரவு போடுகிறேன். சிரிக்கக் கூடாது.

அரைத்துளி:

பறவை நான் வரைகிறேன். கோழி மாதிரி இருக்கும், பரவாயில்லையா?

மெழுகு:

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல், நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை வைத்து 1962இல் செய்த மர்லின் டிப்டிக். ஒரே முகம் 50 தடவை. 25 வண்ணத்தில், 25 கறுப்பு வெள்ளையில். புகைப்படத்தை ஸ்கிரீனில் ஏற்றி அடித்தது, கட்டை ஒன்றுதான். ஆனால் வலப்பக்கம் பாருங்கள், ஒரு பத்தியில் மை அப்பிக்கொண்டு முகமே மறைகிறது, ஓரத்துக்குப் போகப் போக மை தீர்ந்து வெளிறிப்போகிறது. கட்டை ஒன்று, கை ஐம்பது. அக்காவின் கணக்கு அங்கேயும் சரியாக வருகிறது.

இலைக்கிறுக்கி:

ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கையை உள்ளே கொண்டுவா என்று அக்கா சொன்னதும், ஸ்கேனை எல்லாம் மூடிவைத்துவிட்டு மறுபடி காகிதத்துக்குப் போனேன். அதே 11 இலையை ஒவ்வொன்றும் ஐந்தாறு தடவை தீட்டினேன். இரண்டு மாலையில் 62 இலை. பின்னால் நகர்ந்து பார்ப்பது, திருத்துவது எதுவும் இல்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது.

எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. முதல் பதினைந்து இலையும் விறைப்பாக, பள்ளியில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி. கடைசிப் பத்து வெறும் அவசரம், சாப்பிடப் போகும் அவசரம் அப்படியே தெரிகிறது. நடுவில் இருக்கிற சுமார் முப்பதுதான் இலை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் தெரியாது. கையைக் கவனிக்காமல் இருந்த நேரம் அது என்று மட்டும் சொல்ல முடியும்.

34 இலை எடுத்தேன். டைலை 64 செ.மீ. ஆக்கினேன். (சார் சொன்ன அந்தச் சுவரில் கணக்குப் போட்டேன், 70க்குப் பதில் 18 தடவைதான் வருகிறது.) அச்சகத்தில் கேட்டபோது ரோட்டரி ஸ்கிரீன் என்கிற அச்சு உருளையின் சுற்றளவே 64 என்றார்கள், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மொட்டுகளுக்கு நடுவே ஓடிய வெள்ளைச் சந்தை இரண்டு இலை வைத்து அடைத்தேன். தூசி, ஸ்கேனர் பஞ்சு எல்லாம் துடைத்தேன். ஓரத்தை மூன்று தடவை சரிபார்த்தேன், நேர்கோடன் சார் பின்னால் நிற்பது மாதிரியே இருந்தது. வெக்டர் ஆக்கவில்லை.

தபால்தலை அளவில் சுருக்கினால் கோடு எதுவும் தெரியவில்லை. காற்றடிக்கிற மாதிரி இருக்கிறது.

கட்டமும்கோடும்:

பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. இடது மேல் பகுதியில் மூன்று கறுத்த இலை ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது, 18 தடவை வந்தாலும் அது திட்டாகத் தெரியும். ஒன்றைக் கீழே இறக்குங்கள். மற்றபடி கை வைக்காதீர்கள்.

சாயக்கை:

அந்த மஞ்சள் மொட்டுப் பக்கத்து இலையில் தண்ணீர் சொட்டி வெளுத்திருக்கிறதே, அதை எடுத்துவிடாதீர்கள்.

இலைக்கிறுக்கி:

எடுக்க மாட்டேன் அக்கா. அது விழுந்தபோது வைதேன், இப்போது எனக்குப் பிடித்த இலை அதுதான். சார், கறுத்த இலையை இறக்கிவிட்டேன்.

நேர்கோடன்:

எல்லாம் சரி. அந்த முடி என்ன ஆயிற்று?

இலைக்கிறுக்கி:

பழைய மூன்றாவது இலையையும் இந்த 34இல் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், முடியோடு. எங்கே இருக்கிறது என்று இன்று காலை நானே தேடவேண்டியிருந்தது.

நேர்கோடன்:

கண்டுபிடித்துவிட்டேன். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது வரிசை, பெரிய மொட்டுக்குக் கீழே.

இலைக்கிறுக்கி:

அது காகிதம் மடிந்த கோடு சார். முடி வேறு இடத்தில் இருக்கிறது.